உரக்கப் பேசினால் மட்டும் போதுமா?

அறிவியல் கண்காட்சிக்காக மாணவர்கள் மண் ஈரப்பத உணரி ஒன்றைச் செய்கிறார்கள். வயலில் வைத்த உணரி, 'லோரா' என்னும் ரேடியோ முறையில் பள்ளிக் கணினிக்குச் செய்தி அனுப்ப வேண்டும். பள்ளி வளாகத்துக்குள் நன்றாக இயங்கிய கருவி, இரண்டு கிலோமீட்டர் தள்ளி வைத்ததும் மௌனமாகிவிடுகிறது. "சார், ஒரு பெருக்கி வாங்கி மாட்டிடலாமா?" என்று உடனே ஒரு மாணவர் கேட்பார். பணம் செலவழிப்பதற்கு முன் இந்தக் கேள்வியையே பாடமாக்கலாம்.

லோரா எவ்வாறு செயல்படுகிறது?

பிரான்சின் கிரெனோபிள் நகரில் இயங்கிய சைக்லியோ நிறுவனம் உருவாக்கிய தொழில்நுட்பம் இது. 2012இல் செம்டெக் நிறுவனம் அதை வாங்கியது. ஆம்புலன்ஸ் சைரனின் ஒலி ஏறுவதுபோல, இதில் அலையின் அதிர்வெண் சீராக மாறிக்கொண்டே செல்லும். அதனால் சுற்றுப்புற இரைச்சலைவிடச் சிக்னல் வலிமை குறைந்திருந்தாலும் ஏற்பி அதை இனங்காண முடிகிறது. படமோ பாடலோ அனுப்ப இது ஏற்றதல்ல. வெப்பநிலை, ஈரப்பதம் போன்ற சிறு தகவல்களுக்கு இது போதும். சிறிய மின்கலத்தில் நீண்ட காலம் இயங்கும்.

நான்கு மடங்குக் கணக்கு

செயல்பாடு: நடுவில் 2 செ.மீ. பக்கமுள்ள சதுரத் துளையிட்ட அட்டையை, கைபேசி விளக்கிலிருந்து 10 செ.மீ. தொலைவில் நிறுத்துங்கள். வரைபடத்தாளை விளக்கிலிருந்து 20 செ.மீ. தொலைவில் வைத்தால், ஒளி ஏறத்தாழ 16 சதுர செ.மீ. பரப்பில் விழும். தாளை 40 செ.மீ.க்கு நகர்த்தினால் 64 சதுர செ.மீ. ஆகிவிடும். அதே ஒளி நான்கு மடங்கு பரப்பில் பரவியதால் செறிவு கால் பங்காகிறது.

ரேடியோ அலைக்கும் இதே விதிதான். திறந்த வெளியில் தொலைவை இரட்டிப்பாக்க, 100 மில்லிவாட் திறனை 400 மில்லிவாட் ஆக்க வேண்டும். மரங்களும் கட்டடங்களும் குறுக்கிட்டால் இன்னும் கூடுதலாகத் தேவைப்படும். மின்கலமும் அதற்கேற்ப விரைவில் தீரும்.

வேறொரு சிக்கலும் உண்டு. உரக்கப் பேசுபவருக்குக் காது கூர்மையாகிவிடாது. உணரியின் அனுப்பும் திறனை மட்டும் பெருக்கினால் அதன் செய்தி பள்ளியை எட்டும். பள்ளியிலிருந்து செல்லும் பதில் அதை எட்டாமல் போகலாம். ஏற்பிப் பக்கம் பெருக்கி வைத்தாலோ, சிக்னலுடன் சேர்ந்து இரைச்சலும் பெருகும்.

உயரமும் ஒரு பெருக்கியே

சமதரையில் தொடுவானம் எவ்வளவு தொலைவு என்பதை அறிய, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கமூலத்தை 3.57ஆல் பெருக்கினால் கிலோமீட்டரில் விடை வரும். 4 மீட்டர் உயரத்திலிருந்து சுமார் 7 கி.மீ.; 16 மீட்டரிலிருந்து சுமார் 14 கி.மீ. இங்கும் நான்கு மடங்குக்கு இரு மடங்குதான். ஆனால் கம்பத்துக்கு மின்கலம் தேவையில்லை!

2017இல் ஐரோப்பாவில் ஏறத்தாழ 38 கி.மீ. உயரத்தில் பறந்த பலூனிலிருந்து வெறும் 25 மில்லிவாட் திறனில் அனுப்பிய லோரா செய்தி, 702 கி.மீ. தொலைவில் போலந்தில் பெறப்பட்டது. மேற்கண்ட சூத்திரத்தில் 38,000 மீட்டரை இட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். விடை ஏறத்தாழ 696 கி.மீ. என வரும்போது மாணவர்கள் முகத்தைக் கவனியுங்கள்.

அப்படியானால் பெருக்கி எப்போது?

முதலில் ஆண்டெனாவைப் பள்ளி மாடிக்கு ஏற்றுங்கள். அடுத்து, செய்தியை மெதுவாக அனுப்பும்படி அமைப்பை மாற்றுங்கள். நிறுத்திப் பேசினால் தொலைவில் இருப்பவருக்கும் புரிவதுபோல, தகவல் வேகம் குறையும், எட்டும் தொலைவு கூடும். அதுவும் போதாவிட்டால், இடையில் உள்ள உயரமான இடத்தில் செய்தியை வாங்கி மீண்டும் அனுப்பும் இடைநிலைக் கருவி வைக்கலாம்.

மாடி ஆண்டெனாவிலிருந்து கீழே உள்ள ஏற்பிவரை கேபிள் நீளமாக இருந்தால், வழியில் சிக்னல் தேயும். அங்கே இரைச்சல் குறைந்த பெருக்கி உண்மையிலேயே உதவும். அதை ஆண்டெனாவின் அருகில் பொருத்த வேண்டும். தேய்ந்த பிறகு பெருக்கிப் பயன் குறைவு. இந்தியாவில் 865–868 மெகாஹெர்ட்ஸ் பட்டையைத் தனி உரிமம் இன்றிப் பயன்படுத்தலாம் என்றாலும், பரப்பியின் திறன் 1 வாட்டைத் தாண்டக் கூடாது என்ற வரம்பு உண்டு. பெருக்கி வாங்கும்போது இதை மறக்கக் கூடாது.

ஒரே உணரியைத் தரையிலும், ஒரு மேசை மீதும், மாடியிலும் வைத்து, எட்டும் தொலைவை மாணவர்களே அளந்து அட்டவணையிடட்டும். பெருக்கி தேவையா என்பதை அந்த அட்டவணையைப் பார்த்து அவர்களே முடிவு செய்வார்கள்.