பச்சிளங் குழந்தைகளின் பகல் உறக்கம்

தூளியிலிட்ட குழந்தை அரைமணி நேரத்திற்குள் விழித்துக்கொள்கின்றது. பால் போதவில்லையோ, உடல் நலமில்லையோ எனத் தாய் கவலையுறுகின்றாள். மும்பையில் தாராவி, மாதுங்கா, செம்பூர் ஆகிய பகுதிகளில் வாழும் தமிழ்த் தாய்மார் களப்பணியாளரிடம் கூறும் முறையீடுகளுள் இதுவும் ஒன்று. பெரும்பாலான குழந்தைகளிடத்தில் இது நோயன்று. வளர்ச்சியின் ஒரு படியே ஆகும்.

உறக்கம் ஒரே சீராக நிகழ்வதன்று. 1950-களில் சிகாகோ பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த அசெரின்ஸ்கி, கிளைட்மன் என்னும் விஞ்ஞானிகள், உறங்கும் குழந்தைகளின் கண்ணசைவையும் உடலசைவையும் உற்றுநோக்கினர். அசைவுடைய உறக்கமும் அமைதியான உறக்கமும் மாறிமாறி வருவதை அவர்கள் கண்டனர். இவ்விரண்டும் சேர்ந்த ஒரு சுற்று குழந்தைகளுக்கு ஏறத்தாழ 50 முதல் 60 நிமிடங்களில் முடிவுறும். பெரியோர்க்கு ஏறத்தாழ 90 நிமிடங்கள் ஆகும். பிறந்த குழந்தையின் உறக்கத்தில் ஏறக்குறையப் பாதி அசைவுடையதே. ஒரு நிலையினின்று மற்றொரு நிலைக்கு மாறும்போது உறக்கம் மெலிகின்றது. அவ்வேளையில் சிறு ஓசையும் குழந்தையை எழுப்பிவிடும்.

இதற்கு வேறு காரணங்களும் உண்டு. விழித்திருக்குந்தோறும் மூளையில் உறக்கத்தின் தேவை பெருகுகின்றது. குழந்தைகளிடத்தில் இது விரைவில் பெருகிச் சிறிது நேர உறக்கத்திலேயே தணிகின்றது. மேலும், இரவு பகலைப் பிரித்தறியும் உடற்கடிகாரம் பிறக்கும்போது முதிர்ந்திருப்பதில்லை. இரண்டு மூன்று மாதங்களில்தான் அது உருப்பெறத் தொடங்குகின்றது. அதன் பின்னர் இரவில் சுற்றுகள் ஒன்றோடொன்று இணைந்து உறக்கம் நீள்கின்றது. பகலுறக்கம் ஒழுங்குபெறுவதற்குப் பல குழந்தைகளுக்கு ஏறக்குறைய ஆறு மாதங்கள் ஆகும்.

இவ்வுண்மையை விளக்குவது ஏன் இன்றியமையாதது என்பதற்கு மும்பையின் வரலாறே சான்று. 1920-களில் பம்பாய் ஆலைகளில் வேலைசெய்த தாய்மார் பலர், தாம் திரும்பும்வரை குழந்தை உறங்கிக் கிடக்கவேண்டி அபின் கலந்த 'பால கோலி' எனும் மாத்திரையைக் கொடுத்து வந்தனர். அபின் மூச்சை ஒடுக்கும், பசியை மறைக்கும், உயிருக்கும் ஊறு விளைக்கும். இன்று சளி மருந்தைத் தூக்க மருந்தாகக் கொடுப்பதும் தீங்கானதே. குளோர்பெனிரமின், பினைலெப்ரின் கலந்த சளி மருந்தை 4 வயதுக்குட்பட்டோர்க்குக் கொடுக்கலாகாது என்று 2023-ஆம் ஆண்டில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அறிவுறுத்தியது.

ஆகவே ஊழியர்கள் தாய்மாரிடம் கூறவேண்டியவை சிலவே. ஒரு தடவை உறங்கிய நேரத்தை அளவாகக் கொள்ளாது, நாள் முழுவதும் உறங்கிய நேரத்தைக் கூட்டிப் பார்த்தல் வேண்டும். மூன்று மாதம் வரை 14 முதல் 17 மணி நேரமும், நான்கு முதல் பதினொரு மாதம் வரை 12 முதல் 16 மணி நேரமும் உறக்கம் தேவையென உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வகுத்துள்ளது. உறங்கும் குழந்தை நெளிந்தாலோ முனகினாலோ உடனே தூக்காமல் சற்றே பொறுத்துப் பார்க்கலாம்; மீண்டும் அது உறங்கிவிடக்கூடும். அழுதால் தாமதியாது கவனித்தல் வேண்டும். பகலில் வெளிச்சமும், இரவில் மங்கலான ஒளியும் அமைதியும் இருத்தல் நலம். ஒற்றையறை வீடுகளில் இரவில் விளக்கைத் தணிப்பதும் வானொலி, தொலைக்காட்சி ஓசையைக் குறைப்பதுமே பயன் தரும். குழந்தையை மல்லாந்த நிலையில் உறங்க வைத்தல் வேண்டும்.

எடை சீராக ஏறி, பால் நன்கு குடித்து, விழித்திருக்கையில் சுறுசுறுப்பாக உள்ள குழந்தையின் குறுகிய பகலுறக்கம் பற்றி அஞ்ச வேண்டுவதில்லை. எழுப்பியும் எழாமல் சோர்ந்து கிடத்தல், பால் குடியாமை, காய்ச்சல், மூச்சுத் திணறல் ஆகியவையே அஞ்சத்தக்கவை. இவற்றுள் ஒன்று காணினும் குழந்தையை உடனே மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லச் செய்தல் ஊழியரின் கடமையாகும். தாராவியினர்க்குச் சயானிலுள்ள லோகமான்ய திலகர் மாநகராட்சி மருத்துவமனை அண்மையிலேயே உள்ளது.