ஃபில்டரில் சிக்காத உப்பு

மரக்காணத்து வாசகர் ஒருவரின் கேள்வி இது. உப்பு மூட்டை ஏற்றும் பழைய டீசல் பிக்கப் ஒன்று வைத்திருக்கிறார். சித்திரை வெயிலில் முழு லோடோடு போனால் ஹீட் முள் ஏறிவிடுகிறது. கூலன்ட் ஃபில்டர் மாட்டினால் எஞ்சின் ஆயுள் இரட்டிப்பாகும் என்று ஏதோ வீடியோவில் பார்த்திருக்கிறார். ஓடித் தீர்ந்த ஃபில்டரை ஹாக்ஸா பிளேடால் அறுத்து, உள்ளே இருக்கும் சேற்றைக் கேமரா முன்னால் பிசைந்து காட்டுகிறார்களாம். "மாட்டலாமா ஐயா?"

மாட்டினால் கெடுதல் இல்லை. ஆனால் மரக்காணத்து வண்டிக்கு வந்திருக்கும் நோய் வேறு, அந்த மருந்து வேறு. அறுத்த ஃபில்டரில் சேறு இருந்தால் கூலன்ட்டில் சேறு இருந்தது என்று தெரிகிறது, அவ்வளவுதான். அது சிக்காமல் போயிருந்தால் எஞ்சின் செத்திருக்கும் என்று அந்தச் சேறு சாட்சி சொல்லவில்லை. இரட்டிப்பு ஆயுளை யார், எத்தனை வண்டியில், எத்தனை வருடம் ஓட்டிப் பார்த்துச் சொன்னார்கள் என்று கேட்பதற்குள் வீடியோ முடிந்துவிடும்.

ஆயில் ஃபில்டரைப் போலத் திருகி மாட்டுகிற டப்பாதான் இது. ரேடியேட்டருக்குப் போகும் பெரிய ஹோஸில் இதை வைப்பதில்லை. வைத்தால், ஃபில்டர் அடைத்த அன்றே எஞ்சினும் வெந்துவிடும். பம்ப் அழுத்தம் அதிகமுள்ள இடத்திலிருந்து மெல்லிய ஹோஸ் வழியாகக் கொஞ்சம் கூலன்ட்டைப் பிரித்தெடுத்து, ஃபில்டருக்குள் விட்டு, அழுத்தம் குறைந்த இடத்தில் திரும்பச் சேர்க்கிறார்கள். இந்தச் சிறு ஓட்டம் போதுமா என்ற சந்தேகம் பலருக்கு உண்டு. போதும். மொத்தம் 10 லிட்டர் கூலன்ட், நிமிடத்துக்கு 2 லிட்டர் ஃபில்டர் பக்கம் வருகிறது, வருகிற துகளெல்லாம் சிக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். சுத்தமானது அழுக்கோடு கலந்துகொண்டே இருப்பதால் முதல் 5 நிமிடத்தில் 63 சதவீதம்தான் போகும். ஆனால் அரை மணி நேரத்தில் மிஞ்சுவது 400-ல் ஒரு பங்கு. பிளாக்கின் அடியில் ஏற்கெனவே படிந்துவிட்ட சகதிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. ஓடுகிற அழுக்குதான் ஃபில்டருக்கு வரும்.

வரலாறு கொஞ்சம் சொல்லித்தான் ஆக வேண்டும். கனரக டீசல் எஞ்சின்களுக்கு இது புதிதல்ல. கம்மின்ஸ் நிறுவனம் 1958-லேயே ஃபில்டருக்கென்று ஃப்ளீட்கார்டு கம்பெனியைத் தொடங்கியது. லாரி எஞ்சின்களின் கூலன்ட் ஃபில்டருக்குள் துருத்தடுப்பு மருந்தையும் அடைத்து விற்பது பல பத்தாண்டுப் பழக்கம். பிக்கப்காரர்களிடம் இந்த மோகம் பரவியது அமெரிக்காவில், 2003 மாடலில் வந்த ஃபோர்டு 6.0 லிட்டர் டீசலால். அதன் ஆயில் கூலரின் குறுகிய வழிகள் அடைத்துக்கொண்டன. வார்ப்பு மணல்தான் காரணம் என்றார்கள் பலர், கூலன்ட்டிலிருந்து பிரிந்த சிலிகேட் கூழ் என்றார்கள் சிலர். ஃபில்டர் கிட் விற்றவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான்.

மணல் கதையில் பொய்யில்லை. எஞ்சின் பிளாக்கை வார்க்கும்போது, தண்ணீர் ஓட வேண்டிய பொந்துகளின் வடிவத்தில் மணலைப் பிசினால் கட்டி உள்ளே வைப்பார்கள். வார்த்தபின் அதை உடைத்து உதறி எடுத்தாலும் மூலை முடுக்கில் கொஞ்சம் ஒட்டியிருக்கும். இதோடு துருப்பொருக்கும் சேர்ந்து வாட்டர் பம்ப் சீலை அராவுகின்றன, எக்ஸாஸ்ட் புகையைக் குளிர்விக்கும் ஈஜிஆர் கூலரின் ஒடுங்கிய வழிகளில் போய் அடைகின்றன. இவற்றையெல்லாம் ஃபில்டர் பிடிக்கும். மறுப்பதற்கில்லை.

ஆனால் இவை எல்லாமே திடப்பொருள். மரக்காணமோ பக்கிங்காம் கால்வாய் வந்து முடிகிற ஊர், கழுவெளியின் உவர்நீரை ஒட்டிய ஊர். கண்ணுக்கு எட்டியவரை உப்புப் பாத்திகள். பாத்திக்கு எது நல்ல தண்ணீரோ அது ரேடியேட்டருக்கு விஷம். வழியில் ஹீட் ஆனதும் பக்கத்து போரிலிருந்து இரண்டு பாட்டில் பிடித்து ஊற்றுகிறோமே, அதில் உப்பு அயனிகளாகக் கரைந்திருக்கிறது. அயனியின் அளவு ஒரு நானோமீட்டருக்கும் குறைவு. ஃபில்டர் தாளின் துளைகள் அதைவிடப் பல்லாயிரம் மடங்கு பெரியவை.

சரி, அந்த உப்பு என்றாவது திடமாகத்தானே வேண்டும், அப்போது ஃபில்டர் பிடிக்காதா? இந்த இடத்தில்தான் விஷயம் சுவையாகிறது.

உப்பளத்தில் நடப்பதைப் பாருங்கள். கடல்நீர், உப்புச் செறிவை அளக்கும் பாமே மானியில் 3 டிகிரி காட்டும். பாத்தி பாத்தியாக வெயிலில் சுண்டும்போது முதலில் விழுவது உப்பு அல்ல. சுண்ணாம்பு விழும், பிறகு ஜிப்சம். 25 டிகிரியைத் தாண்டிய பிறகே சமையல் உப்பு வெள்ளை வெளேரென்று பூக்கும். உங்கள் எஞ்சினுக்குள்ளும் இப்படி உப்பளம் நடக்கிறது, குண்டூசித் தலை அளவில். சிலிண்டர் ஹெட்டில் எக்ஸாஸ்ட் வால்வு சீட்டுகளுக்கு நடுவே உள்ள உலோகம்தான் மிகச் சூடான இடம். ரேடியேட்டர் மூடியின் அழுத்தத்தையும் மீறி அங்கே கூலன்ட் பொட்டுப் பொட்டாகக் கொதிக்கும். ஒவ்வொரு குமிழுக்கும் அடியில், அதற்கும் உலோகத்துக்கும் நடுவே, சில மைக்ரோமீட்டர் தடிமனில் ஒரு நீர்ப்படலம் மாட்டிக்கொள்கிறது. அதுதான் பாத்தி. சில மில்லி வினாடிகளில் படலம் சுண்டிவிடும். கரைந்திருந்ததெல்லாம் உலோகத்தின் மேல் வளையமாகப் படியும். குமிழ் விலகியதும் புது நீர் மடையைத் திறந்தாற்போல் பாய்கிறது. வெளியே பல நாள் வெயில் செய்கிற வேலை இங்கே கண் இமைப்பதற்குள் முடிந்து, அடுத்த சாகுபடி தொடங்கிவிடுகிறது. எந்த உப்பளக்காரருக்கும் வாய்க்காத விளைச்சல்!

ஆனால் அறுவடை தலைகீழ். பாய்ந்து வந்த புது நீரில் சமையல் உப்பு உடனே திரும்பக் கரைந்துவிடும். முதல் பாத்திச் சரக்கான சுண்ணாம்பும் ஜிப்சமும் கரையாமல் தங்கிவிடும். காரணம், இவற்றின் விசித்திரக் குணம். பெரும்பாலான உப்புகள் சூடேறினால் கூடுதலாகக் கரையும். கால்சியம் கார்பனேட் குறைவாகக் கரையும். ஜிப்சமும் சுமார் 40 டிகிரி செல்சியஸுக்கு மேல் அப்படித்தான். ஆக, ஓடுகிற வழி நெடுக எங்கே அதிகச் சூடோ அங்கேதான் போய் ஒட்டும். ஒப்பீட்டளவில் குளிர்ந்த ஹோஸில் உட்கார்ந்திருக்கும் ஃபில்டர் டப்பாவுக்கு அது வருவதே இல்லை. உப்பளத்தில் வாருவதற்கு ஆள் இருக்கிறார்கள். இங்கே யாரும் இல்லை.

வாராமல் விட்டால் என்ன ஆகும் என்பது எளிய கணக்கு. வார்ப்பிரும்பு சுண்ணாம்புப் படிவைவிட இருபது மடங்குக்கு மேல் நன்றாக வெப்பத்தைக் கடத்தும். அதாவது 1 மில்லிமீட்டர் படிவு, அந்த இடத்தில் இரண்டு சென்டிமீட்டர் இரும்பைக் கூடுதலாக ஒட்டவைத்ததற்குச் சமம். சுவர் மேலும் சூடாகும். சூடான சுவரில் படிவு மேலும் ஒட்டும். ஒரு நாள் ஹெட் கேஸ்கட் போகும்.

திரும்பக் கரைந்து தப்பிய குளோரைடும் சும்மா இருப்பதில்லை. அலுமினியத்தைக் காப்பது அதன் மேலுள்ள சில நானோமீட்டர் ஆக்சைடு தோல்தான். குளோரைடு அதில் ஊசித்துளை போடும். துளைக்குள் தானாகவே அமிலம் ஊறும், அமிலம் குழியை ஆழமாக்கும். ரேடியேட்டரில் ஈரம் கசிந்து வெள்ளை பூத்திருந்தால் பெரும்பாலும் இந்தக் கைவரிசை.

மனிதனைவிட எஞ்சின் எவ்வளவு நாசூக்கு பாருங்கள். குடிநீருக்கான இந்தியத் தரம் ஐஎஸ் 10500 லிட்டருக்கு 250 மில்லிகிராம் குளோரைடை ஏற்கிறது. வேறு வழியில்லாத ஊரில் 1000 வரை போகலாம். கேட்டர்பில்லர் தன் எஞ்சின்களின் கூலன்ட்டில் கலக்கும் தண்ணீருக்கு வைத்திருக்கும் வரம்பு 40. குடிக்கத் தகுந்த தண்ணீர் எல்லாம் ரேடியேட்டருக்குத் தகுந்ததல்ல. வாரம் 200 மில்லி ஆவியாகிப் போய், அந்த இடத்தில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் குளோரைடுள்ள போர் தண்ணீரை ஊற்றினால், ஒரு வருடத்தில் போனது 10 லிட்டர் சுத்தமான ஆவி, உள்ளே தங்கியது 5 கிராம் குளோரைடு.

எனவே வாசகர் முதலில் செய்ய வேண்டியது, பழைய கூலன்ட்டை முழுதும் இறக்கி, நல்ல தண்ணீரில் கழுவி, தேவைப்பட்டால் பட்டறையில் படிவை இளக்கி எடுத்து, கலந்தே விற்கும் கூலன்ட்டை நிரப்புவது. மரக்காணத்தில் பனி உறையப்போவதில்லை. கூலன்ட் ஊற்றுவது அதிலுள்ள துருத்தடுப்பு மருந்துக்காகத்தான். சீட்டுக்கு அடியில் ஒரு கேன் பேட்டரி தண்ணீர் எப்போதும் இருக்கட்டும். ஃபில்டர் கிட்டின் விலையை நினைத்தால் அது செலவே இல்லை. கூடவே மூடியையும் மாற்றுங்கள். ரப்பர் தளர்ந்த மூடிதான் கூலன்ட்டை ஆவியாக விட்டு அடிக்கடி ஊற்ற வைக்கிறது.

இதற்குப் பிறகும் மாட்ட ஆசை இருந்தால், மருந்து அடைக்காத வெறும் ஃபில்டராக வாங்குங்கள். கூலன்ட்டிலேயே மருந்து இருக்கும்போது ஃபில்டரும் கரைத்துவிட்டால், மிஞ்சியது கூழாகப் பிரிந்து புது அழுக்காகும்.

ஃபில்டர் உண்மையிலேயே காசுக்கு வேலை செய்யும் இடம் ஒன்று உண்டு. பழைய வண்டி வாங்குகிறீர்கள், முன்பு ஓட்டியவர் ரேடியேட்டர் ஒழுக்குக்கு என்னென்ன போட்டார் என்று தெரியாது. அப்போது கழுவியபின் ஒன்றிரண்டு மாதம் மாட்டி ஓட்டி, கழற்றி அறுத்துப் பாருங்கள். காந்தத்தில் ஒட்டும் கறுப்புத் தூள் என்றால் துரு. நறநறவென்று வெளிர்நிறமாக இருந்தால் மணல். மஞ்சளாக இருந்தால் கவலை வேண்டாம், நம் ஊர் டிரைவர்கள் ஒழுக்கை அடைக்கப் போடும் சமையலறை மஞ்சள்தூள் அது.