மழைநீர்க் குழாயை எந்த மூலையில் இறக்குவது?

படுக்கையறைச் சுவரில் ஈரம், வாசலில் குளம், பக்கத்து வீட்டுக்காரரோடு மனஸ்தாபம்... மழைக்காலத்துத் தொல்லைகளான இந்த மூன்றுக்கும் பல வீடுகளில் காரணம் ஒன்றுதான். மொட்டை மாடித் தண்ணீரை இறக்கும் குழாய், இருக்கக் கூடாத இடத்தில் இருக்கிறது!

"இந்த மூலையிலேயே பைப்பை இறக்கிடலாமா?" என்று கொத்தனார் கேட்டால், உடனே தலையாட்டாதீர்கள்.

எவ்வளவு தண்ணீர்?

ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால், அது 1 லிட்டர் தண்ணீர். 1,000 சதுர அடி மாடி என்பது சுமார் 93 சதுர மீட்டர். 50 மி.மீ. மழைக்கே 4,600 லிட்டருக்கு மேல் இறங்கும். குழாய் ஒன்றே ஒன்று என்றால், அதன் வாயை ஒரு பிளாஸ்டிக் பை அடைத்தாலும் மாடி தொட்டியாகிவிடும். சிறிய வீடானாலும் 4 அங்குலக் குழாய்கள் இரண்டு, வெவ்வேறு மூலைகளில் இருக்கட்டும்.

தரையில் தொடங்குங்கள்

தண்ணீர் எங்கே போய்ச் சேர வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். தமிழ்நாட்டில் 2003 முதல் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். கிணறு, சம்ப், உறிஞ்சுகுழி என எது இருக்கிறதோ, அதற்கு அருகில் குழாய் இறங்கினால் செலவும் குறையும், அடைப்பும் குறையும். அஸ்திவாரத்தை ஒட்டிக் கொட்டவிட்டால் மண் அரிக்கும். வாசல், மின் மீட்டர், செப்டிக் டேங்க், அடுத்தவர் காம்பவுண்டு ஆகிய பக்கங்களைத் தவிர்த்துவிடுங்கள். கழிவுநீர்க் குழாயோடு இணைக்கவே வேண்டாம். கனமழையில் அது பாத்ரூம் வழியாகத் திரும்பி வரலாம்.

பிறகு மாடி

புது வீடு என்றால், தளத்தின் மேல் ஓடு பதிக்கும் முன்பே இடத்தைக் குறித்துவிடுங்கள். அந்த இடத்தை நோக்கி 10 அடிக்கு ஒன்றேகால் அங்குலம் வாட்டம் கொடுக்கச் சொல்லுங்கள். பழைய வீடு என்றால், மழை விட்டதும் மாடிக்குப் போய், தண்ணீர் தேங்கிய இடங்களைச் சுற்றி சாக்பீஸால் கோடு போடுங்கள். அதற்குப் பக்கத்து வெளிச்சுவர்தான் புதுக் குழாய்க்குப் பொருத்தமான இடம்.

இறங்கும் வழி

குழாய் நேராக இறங்கட்டும். எல்போ கூடக் கூட அடைப்பும் கூடும். ஜன்னல், ஏ.சி. வெளி யூனிட் ஆகியவற்றுக்கு மேலே வேண்டாம். சுவருக்குள் புதைத்தால் கசிவது வெளியே தெரியாது. கிளாம்ப் போட்டு, சுவரிலிருந்து சற்றுத் தள்ளியே நிறுத்துங்கள்.

குழாய் வாயில் சல்லடை மூடி அவசியம். அதோடு, கைப்பிடிச் சுவரில் தளத்துக்கு இரண்டு அங்குலம் மேலே, உங்கள் கண்ணில் படும் பக்கமாக ஒரு துளை விடச் சொல்லுங்கள். அதில் தண்ணீர் கொட்டினால், குழாய் அடைத்திருக்கிறது என்று அர்த்தம்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். செப்டம்பரிலேயே மாடியைப் பெருக்கிவிட்டு, இரண்டு வாளி தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். அது எங்கே ஓடுகிறது, எங்கே நிற்கிறது என்று பார்த்தாலே, குழாய்க்கு ஏற்ற இடம் எதுவென்று புரிந்துவிடும்.