வாயைத் திறந்தால் 'டக்'!

இரண்டு ஆள்காட்டி விரல்களையும் காதுத் துவாரத்துக்குச் சற்று முன்னால், கன்னத்தின் மேல் வைத்துக்கொள்ளுங்கள். மெதுவாக வாயைத் திறந்து மூடுங்கள். (பஸ்ஸில் படித்துக்கொண்டிருந்தால் வேண்டாம். பக்கத்து சீட்காரர் எழுந்து போய்விடுவார்.) விரலுக்கடியில் ஏதோ ஒன்று உருண்டு முன்னால் நகர்ந்து, திரும்பவும் உள்ளே போய் ஒளிந்துகொள்கிறது அல்லவா? அதுதான் தாடை மூட்டு.

முழங்காலுக்குத் தைலம் உண்டு, விளம்பரம் உண்டு, அனுதாபம் உண்டு. பாவம், இந்த மூட்டுக்கு எதுவுமே கிடையாது. பேச, சாப்பிட, கொட்டாவி விட, மேனேஜர் ஜோக்குக்குச் சிரிக்க என்று விடிந்ததிலிருந்து உழைக்கிறது. வலி வந்தால்தான் 'இப்படி ஒன்று இருக்கிறதா?' என்று நமக்குத் தெரிகிறது.

எனக்குத் தெரிந்தது ஒரு மார்ச் மாதத்தில். வருஷக் கணக்கு முடிக்கிற நேரம். காலையில் எழுந்தால் வலது காதுக்கு முன்னால் ஒரு மந்தமான வலி. பொட்டு இரண்டும் யாரோ இடுக்கியால் பிடித்த மாதிரி. மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்து வாயையும் திறந்தால் 'டக்'. எதிரே உட்கார்ந்திருந்த நண்பர், "சார், உங்க சேர்லேர்ந்து சத்தம் வருது" என்றார். சேரில்லை ஐயா, நான்தான்!

காதுவலி என்று காது-மூக்கு-தொண்டை டாக்டரிடம் போனேன். விளக்கடித்துப் பார்த்தார். "காது பளிச்சுனு இருக்கு. நீங்க பார்க்க வேண்டியது பல் டாக்டரை" என்று அனுப்பி வைத்தார். காதுவலிக்குப் பல் டாக்டரா என்று சிரிக்காதீர்கள். காதுக் குழாய்க்கு நேர் முன்னால் ஒட்டினாற்போல் இருக்கிறது இந்த மூட்டு. மூட்டுக்குப் போகிற நரம்பின் கிளைதான் காதின் ஒரு பகுதிக்கும் போகிறது. மூளைக்கு எது அழுகிறது என்று தெரிவதில்லை.

உண்மையில் இந்த வலியைப் பிரபலப்படுத்தியவரே ஒரு காது டாக்டர்தான். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்து ஜேம்ஸ் காஸ்டன். 1934-ல் 11 நோயாளிகளை வைத்து ஒரு கட்டுரை எழுதினார். கடைவாய்ப் பற்கள் விழுந்துவிட்டால் கீழ்த்தாடை மேலே ஏறி காதுப் பக்கத்து நரம்பை அழுத்துகிறது, அதனால்தான் காதுவலி, இரைச்சல் எல்லாம் என்றார். நரம்பு இருக்கிற இடம் அப்படி அழுத்துவதற்குத் தோதானதில்லை என்று பின்னால் வந்த உடற்கூறு நிபுணர்கள் காட்டிவிட்டார்கள். ஆனால் விதை விழுந்துவிட்டது. 'எல்லாம் பல் கடிக்கிற விதத்தால் வருகிற கோளாறு' என்று நம்பி, உலகமெங்கும் எத்தனையோ நல்ல பற்களை ராவித் தள்ளினார்கள்.

அந்தக் கதை இன்னும் முடியவில்லை என்பது என் அனுபவம். நான் முதலில் போன கிளினிக்கில் (பெயர் எதற்கு?) ஏ.ஸி. ஜில்லென்று இருந்தது. "உங்க கடி சரியில்லை. கடைவாய்ப் பல் நாலை ராவி, கேப் போட்டு லெவல் பண்ணிடலாம்" என்றார்கள். 40 சொச்சம் ஆயிரம் ரூபாய்க்கு ஒரு காகிதம் கையில் வந்தது. ராவிய பல் திரும்ப வளராது என்பதை நினைத்ததுமே தாடை இன்னும் கொஞ்சம் வலித்தது. 'யோசிச்சுச் சொல்றேன்' என்று நகர்ந்தேன்.

இரண்டாவதாகப் பார்த்தவர் ஒரு வயதான பல் டாக்டர். நாற்காலியில் சாய்க்கக்கூட இல்லை. "உங்க மூணு விரலைச் சேர்த்து, ஒண்ணு மேல ஒண்ணா முன்பல்லுக்கு நடுவுல வைங்க, பார்க்கலாம்" என்றார். வைத்தேன். போயிற்று, கொஞ்சம் முணுமுணுப்போடு. சாதாரணமாக வாய் 40 முதல் 50 மில்லிமீட்டர் வரை திறக்க வேண்டும். அதைத்தான் நம் மூன்று விரல் அளந்து சொல்கிறது. பிறகு கன்னத்துச் சதையை அழுத்தினார். "ஐயோ!" என்றேன். "வலி மூட்டுல இல்லை சார். சதையில" என்றார்.

பிறகு ஒரு காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். கீழ்த்தாடை ஒரே எலும்பு. அதற்கு இரு பக்கமும் கீல். வாயைத் திறக்க ஆரம்பிக்கும்போது கதவுக் கீல் மாதிரி சுழல்கிறது. இன்னும் திறந்தால் மேஜை டிராயர் மாதிரி முன்னால் வழுக்குகிறது. எலும்புக்கும் எலும்புக்கும் நடுவில் குருத்தினாலான ஒரு சின்ன வாஷர். அந்த வாஷர் கொஞ்சம் முன்னால் நழுவியிருந்தால், வாயைத் திறக்கும்போது எலும்பு அதன் மேல் ஏறி உட்காரும். அந்தச் சத்தம்தான் 'டக்'. வலியில்லாமல் வெறும் 'டக்' மட்டும் என்றால் அதற்கு வைத்தியமே வேண்டாமாம். ஊரில் பலருக்கு இருக்கிறது. அவர்கள்பாட்டுக்குச் சீடை சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் ஒருநாள் சத்தம் நின்று, வாயும் இரண்டு விரலுக்கு மேல் திறக்க மறுத்தால், வாஷர் திரும்பி வரவில்லை என்று அர்த்தம். உடனே காட்ட வேண்டும்.

என் சதை ஏன் வலிக்கிறது? "பல்லைக் கடிக்கிறீங்களா?" என்றார். இல்லையே என்றேன். வீட்டில் கேட்டால் வேறு சாட்சி. "ராத்திரி நறநறன்னு எலி கொறிக்கிற மாதிரி சத்தம். ஆபீஸ் கோபம்னு விட்டுட்டேன்" என்றாள் மனைவி. "வயித்துல பூச்சி, விளக்கெண்ணெய் குடு" என்றாள் அம்மா. பூச்சி சமாசாரத்தைச் சொன்னதும் டாக்டர் வெகுநேரம் சிரித்தார்.

ராத்திரியைவிடப் பகல்தான் சுவாரஸ்யம். இப்போது, இதைப் படிக்கிற இந்த நிமிஷம், உங்கள் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொட்டுக்கொண்டிருக்கின்றனவா? தொடக்கூடாது! உதடு மூடியிருக்கலாம், பற்களுக்கு நடுவில் 2 முதல் 4 மில்லிமீட்டர் இடைவெளி இருப்பதுதான் தாடையின் ஓய்வு நிலை. சாப்பிடும்போதும் எச்சில் விழுங்கும்போதும் தொடுவதையெல்லாம் கூட்டினாலும் ஒரு நாளைக்கு அரை மணி நேரம் தேறாது என்கிறார்கள். நாமோ கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் எட்டு மணி நேரம் கடித்த பல்லை விடுவதில்லை. 'பல்லைக் கடிச்சுக்கிட்டு வேலையைப் பாருப்பா' என்று பெரியவர்கள் சொன்னதை இவ்வளவு சிரத்தையாகக் கடைப்பிடித்திருக்க வேண்டாம்.

டாக்டர் கொடுத்த வைத்தியம் இது. மானிட்டர் ஓரத்தில் ஒரு சின்ன மஞ்சள் காகிதம் ஒட்ட வேண்டும். அதில் எதுவும் எழுத வேண்டாம். கண்ணில் பட்டால் பல்லைப் பிரித்துத் தோளைத் தளர்த்த வேண்டும், அவ்வளவுதான். முதல் நாள் எத்தனை தரம் பிரித்தேன் என்று எண்ணினேன். மத்தியானத்துக்குள் 30 தாண்டியதும் விட்டுவிட்டேன். கன்னத்துக்கு 15, 20 நிமிஷம் வெந்நீர் ஒத்தடம். நாக்கு நுனியை மேலண்ணத்தில், முன்பல்லுக்குப் பின்னால் ஒட்டிவைத்து, அது விலகாத அளவுக்கு வாயைத் திறந்து மூட வேண்டும். ஒரு வேளைக்கு ஆறு தடவை, நாளைக்கு ஆறு வேளை. தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு பேசுவது, குப்புறப் படுப்பது, பேனா மூடியைக் கடிப்பது, சூயிங்கம் எல்லாம் கட். தட்டை, கமர்கட், கரும்பு கொஞ்ச நாளைக்குத் தள்ளி வைப்பு. இட்லி தாராளம். கொட்டாவி வந்தால் முகவாய்க்குக் கீழே கையைக் கொடுத்து அடக்கமாக விட வேண்டும். வலி அதிகமான நாட்களுக்கு மட்டும் மாத்திரை. அல்சர், கிட்னி, பி.பி. உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது.

ஆறாவது வாரம் காலை வலி போயிற்று. 'டக்' மட்டும் எப்போதாவது எட்டிப் பார்க்கிறது. நான் கண்டுகொள்வதில்லை.

"நைட் கார்டு வேண்டாமா டாக்டர்?" என்று கேட்டேன். பல்லை அச்செடுத்து, கெட்டியான அக்ரிலிக்கில் செய்து, ராத்திரி மாட்டிக்கொள்கிற தட்டு அது. பல் தேய்ந்துபோகிறவர்களுக்குப் பல்லைக் காப்பாற்றும், கடிப்பதை நிறுத்தாது. முழு வரிசைப் பல்லையும் மூடுகிற மாதிரி இருக்க வேண்டும். சில பற்களை மட்டும் மூடுகிறதை நாள்கணக்கில் மாட்டினால் கடியே மாறிப் போகலாம். மூன்று மாதத்துக்கு மேல் நீடித்த வலிக்கு என்ன செய்யலாம் என்று 2023-ல் 'பி.எம்.ஜே.' மருத்துவ இதழ் ஒரு வழிகாட்டி வெளியிட்டது. அதில் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பவை தாடைப் பயிற்சியும், கையால் பிடித்துவிடும் பிஸியோதெரபியும், பழக்கத்தை மாற்றச் சொல்லித்தரும் மனநல சிகிச்சையும்தான். வலிக்காகத் தட்டு மாட்டுவதற்குப் பெரிய ஆதரவு இல்லை. பல்லுக்குக் கிளிப் போட்டால் மூட்டு சரியாகும் என்று யாராவது சொன்னாலும் பர்ஸை மூடி வையுங்கள். சொத்தைப் பல், ஞானப்பல் வீக்கம், விரிசல் விட்ட பல் இதெல்லாம் தாடை வலி வேஷத்தில் வரும் என்பதால், பல் டாக்டர் ஒருமுறை வாயை முழுசாகப் பார்ப்பது அவசியம். சென்னையில் கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. செலவுக்குப் பயந்து யாரும் வலியோடு இருக்க வேண்டியதில்லை.

ஆபரேஷன்? மிகச் சிலருக்கு. அதற்கும் முன்னால் ஊசி வழியாக உப்பு நீர் செலுத்தி மூட்டைக் கழுவுகிற முறை உண்டு. 1980-களில் அமெரிக்காவில் வாஷரை எடுத்துவிட்டு டெஃப்ளான் கலந்த செயற்கை வாஷரை வைத்தார்கள். தோசைக்கல்லில் ஒட்டாத அதே டெஃப்ளான்தான். அது பொடிப்பொடியாக உதிர்ந்து, அக்கம்பக்கத்து எலும்பையே அரித்துவிட்டது. 1990-ல் அந்நாட்டு அரசு எச்சரிக்கை விட்டு, பிறகு திரும்பப் பெற வைத்தது. அவசரக்காரர்களுக்காக இதைச் சொல்லி வைக்கிறேன்.

இன்னும் இரண்டு சங்கதி. பாக்கு, பான் மசாலா மெல்லுகிற தம்பிகளுக்கு வாய் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்க மறுத்தால், காரம் பட்டால் எரிந்தால், அது மூட்டுக் கோளாறாக இராது. கன்னத்தின் உட்புறம் நாராக இறுகிக்கொண்டிருக்கலாம். புற்றுநோய்க்கு வழிவிடக்கூடிய நிலை அது. அன்றைக்கே பாக்கை நிறுத்திவிட்டுப் பல் டாக்டரைப் பாருங்கள். அடுத்தது, மாடிப்படி ஏறும்போது தாடையில் வலி வந்து நெஞ்சு இறுகினாலோ, வியர்த்துக் கொட்டி இடது கை கனத்தாலோ, மூன்று விரல் டெஸ்ட் எல்லாம் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். இதய வலி தாடையிலும் வரும். உடனே 108. பல் டாக்டரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.