மனு எந்த மேசைக்குப் போகிறது?

பெரம்பலூரில் ஒரு தெருவில் நாலு நாளாகக் குழாயில் தண்ணீர் இல்லை என்று வைத்துக்கொள்வோம். வெள்ளைத்தாளில் மனு எழுதி, பத்துப் பேரிடம் கையெழுத்து வாங்கி, நேரே குடிநீர் வாரிய அலுவலகத்துக்குப் போகிறோம். நிர்வாகப் பொறியாளர் சைட்டுக்குப் போயிருப்பார். அறைக்கு வெளியே இருக்கும் இளநிலை உதவியாளர் மனுவை வாங்கிக்கொள்கிறார். லெட்டர் டைப் அடிக்கிறவர்தானே என்று நமக்கு லேசான இளக்காரம். டீ ஆறுவதற்குள் அவர் வேலை என்னவென்று பார்த்துவிடுவோம்.

முதலில் தண்ணீர் வருகிற வழி. பெரம்பலூர் பக்கம் பெரும்பாலும் பாறை நிலம்; வெயில் காலத்தில் போர் காற்றைத்தான் தள்ளும். அதனால் இந்த ஊருக்கும் பக்கத்து அரியலூருக்கும் கொள்ளிடம்தான் பெரிய கை. ஆற்று மணலில் கிணறு இறக்கி, அதில் ஊறும் நீரை மோட்டார் வைத்து இறைத்து, குழாய் வழியே வெகுதூரம் தள்ளுகிறார்கள். ஒரே ஆதாரத்தைப் பல ஊர்கள் பகிர்ந்துகொள்வதால் இது கூட்டுக் குடிநீர்த் திட்டம்.

எல்லோரும் தவறாக நினைப்பது இனிமேல்தான் வருகிறது. நம் தெருக் குழாய்க்கும் வாரியமே பொறுப்பு என்று நினைக்கிறோம். சென்னையில் அது சரி. 1978இல் அமைந்த மெட்ரோ வாட்டர் ஏரியிலிருந்து வீடு வரைக்கும் பார்க்கிறது. மற்ற மாவட்டங்களுக்கான தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம், அதாவது நாம் ட்வாட் போர்டு என்கிறோமே, அது 1971இல் வந்தது. கூட்டுத் திட்டங்களில் அது மொத்த வியாபாரி மாதிரி. தண்ணீரைக் கொண்டுவந்து ஊர்த் தொட்டியில் விட்டு, கிலோ லிட்டர் கணக்கில் உள்ளாட்சிக்கு பில் போடும். ஒரு கிலோ லிட்டர் என்பது ஆயிரம் லிட்டர். தொட்டியிலிருந்து தெருவுக்கு வால்வு திறப்பது நகராட்சியோ ஊராட்சியோதான். ஊராட்சியில் தொட்டி ஆபரேட்டர் சாவியைத் திருப்பாவிட்டால், பொறியாளர் தலைகீழாக நின்றாலும் உங்கள் குடத்தில் தண்ணீர் விழாது.

ஆக, மனு வந்ததும் இந்த இளநிலை உதவியாளர் பார்ப்பது இதைத்தான்: கோளாறு எங்கே? மெயின் லைன் உடைந்திருந்தால் உபகோட்டத்துக்கு உடனே போன். தெரு வால்வு என்றால் நகராட்சிக்குக் கடிதம். பம்ப் ஹவுஸில் கரண்ட் இல்லையென்றால் மின்வாரியம். சாலை அகலப்படுத்தும்போது ஜேசிபி குழாயைக் கிழித்திருந்தால் நெடுஞ்சாலைத் துறை. டைப் அடிக்க அரை மணி நேரம் போதும். யாருக்கு அடிப்பது என்று தெரியத்தான் வருஷங்கள் ஆகும்.

கடிதத்தின் தலையில் ந.க.எண் என்ற கோப்பு எண் ஏறும், தன்பதிவேட்டில் வரி விழும். திங்கட்கிழமை ஆட்சியரகக் குறைதீர் கூட்டத்தில் கொடுத்த மனுக்களும் இங்கேதான் வந்து சேரும். தகவல் உரிமைச் சட்ட மனு என்றால் பதிலுக்கு 30 நாள் கெடு. கோப்பை முடிக்கும்போதும் ஒரு கணக்கு உண்டு: ஓ.மு. என்றால் ஓராண்டு வைத்திருக்க வேண்டியது, மூ.மு. மூன்றாண்டு, ப.மு. பத்தாண்டு. தவறான எழுத்தைப் போட்டால் நாளைக்குத் தேவைப்படும் காகிதம் இன்றைக்கே கழிவுக்குப் போய்விடும்.

இந்த மேசைக்கு வரும் பாதை ஊர்ப் பிள்ளைகளுக்குத் தெரிந்ததுதான். பத்தாம் வகுப்பு, டைப்ரைட்டிங்கில் லோயர், ஹையர், முடிந்தால் ஷார்ட்ஹேண்ட், பிறகு குரூப் 4. வாரியங்கள் தாங்களே ஆள் எடுத்துக்கொண்டிருந்ததை மாற்றி, அந்தப் பொறுப்பை டிஎன்பிஎஸ்சிக்குக் கொடுக்க 2022இல் சட்டம் வந்தது. உள்ளே போனபின் துறைத் தேர்வுகள் உண்டு. அவற்றைத் தள்ளிப்போடுகிறவர் இருந்த இடத்திலேயே இருப்பார். எழுதி முடித்தவருக்கு உதவியாளர், கண்காணிப்பாளர் என்று படி இருக்கிறது. பொறியாளர்கள் மாற்றலாகிப் போய்க்கொண்டே இருப்பார்கள். எந்த ஊர்த் தொட்டி எந்த லைனில் என்பதைப் புதிதாக வருகிறவருக்குச் சொல்வது பெரும்பாலும் இந்த மேசைதான். சம்பளப் பட்டியலில் இதற்கென்று தனிப் பத்தி கிடையாது. இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

அடுத்த முறை தண்ணீர் வராவிட்டால், முதலில் தொட்டி நிறைந்திருக்கிறதா என்று ஆபரேட்டரிடம் கேளுங்கள். நிறைந்திருந்தால் நகராட்சிக்கோ ஊராட்சிக்கோ, காலியென்றால் வாரியத்துக்கு மனு எழுதுங்கள். தெருப் பெயரோடு தொட்டி இருக்கும் இடத்தையும் குறிப்பிடுங்கள். கொடுத்த பிறகு பதிவு எண்ணை வாங்காமல் திரும்பாதீர்கள்.