சோதனைக்கும் செயலுக்கும் இடையே ஒரு கணம்

கண்டியிலிருந்து மாத்தளைக்கான புகையிரதப் பாதை 1880ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. அது ஒற்றைத் தண்டவாளப் பாதை. இத்தகைய பாதையில் எதிரெதிரே இரு புகையிரதங்கள் புகுந்தால் நேரும் விபரீதத்தை விளக்க வேண்டியதில்லை. அதனைத் தவிர்ப்பதற்கென ஒற்றைப் பாதைகளில் நெடுங்காலமாகக் கையாளப்பட்டு வரும் ஏற்பாடே ‘டெப்லட்’ முறையாகும். அடுத்தடுத்த இரு நிலையங்களின் கருவிகள் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டிருப்பதால், ஒரு வேளையில் ஒரேயொரு வில்லையை மட்டுமே வெளியே எடுக்க முடியும். அவ்வில்லையைப் பெறாத சாரதி அப்பிரிவினுள் நுழையலாகாது.

நாம் அன்றாடம் பயன்படுத்தும் கணினியும் கைத்தொலைபேசியும் இதையொத்த ஏற்பாட்டினாலேயே பாதுகாக்கப்படுகின்றன என்பதைப் பலர் அறியார். இயங்கிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு நிரலும் ‘செயன்முறை’ எனப்படும். ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கான செயன்முறைகள் நினைவகத்தையும் கோப்புகளையும் பகிர்ந்துகொள்கின்றன. அவற்றுக்கு இடையே நடுவராக நிற்பது ‘கேர்னல்’ எனப்படும் இயக்க முறைமையின் கருப்பகுதி. எவர் எதனைத் தொடலாம் என அனுமதியைச் சோதிப்பதும், ஒருவர் தொடும்போது மற்றவர் குறுக்கிடாதவாறு பூட்டிடுவதும் அதன் இரு பெருங்கடமைகள்.

இவ்விரு கடமைகளும் பிரிக்க முடியாதவை. ஒரு செயன்முறை மற்றொன்றின் நினைவகத்தைப் பார்வையிட அனுமதி கோருகிறது எனக் கொள்வோம். இரண்டும் ஒரே பயனருக்கு உரியவை என்பதைக் கண்ட கேர்னல் இசைவளிக்கிறது. ஆயின், பார்வை தொடங்குவதற்கு முந்திய கணத்தில், இரண்டாவது செயன்முறை கடவுச்சொல்லை மாற்றும் நிரலாக உருமாறி நிருவாகியின் அதிகாரத்தைப் பெற்றுவிடலாம். சாதாரணருக்கென வழங்கிய அனுமதி இப்போது நிருவாகியின் இரகசியங்களைத் திறந்துவிடும். சோதனையில் பிழையில்லை, சோதனைக்கும் செயலுக்கும் இடைப்பட்ட கணமே பிழை. எனவேதான் சோதனை தொடங்குமுன் இட்ட பூட்டு, செயல் முடியும்வரை திறக்கப்படலாகாது.

ஒல்லாந்தக் கணினி அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1960களில் இத்தகைய பூட்டு முறையொன்றை வகுத்தபோது, புகையிரதக் கைகாட்டியைக் குறிக்கும் ‘செமஃபோர்’ என்னும் பெயரையே அதற்குச் சூட்டினார்.

பூட்டுகளை வரம்பின்றிப் பெருக்குவதும் தீர்வாகாது. ஒன்றின் கையிலுள்ள வில்லைக்காக மற்றொன்றும், மற்றதன் வில்லைக்காக முதலாவதும் காத்திருந்தால் இரண்டும் முடங்கிவிடும். லினக்ஸ் கேர்னலில் மேற்கூறிய சோதனையைக் காத்த பூட்டே சில வேளைகளில் இத்தகைய முடக்கத்துக்குக் காரணமானதால், 2020இல் அதற்கெனக் குறுகிய வேறொரு பூட்டு சேர்க்கப்பட்டது.

இவை ஏட்டளவிலான கவலைகள் அல்ல. 2016 ஒக்டோபரில் ‘டேர்ட்டி கௌ’ எனப் பெயரிடப்பட்ட குறைபாடு ஒன்று லினக்ஸ் கேர்னலில் வெளிப்பட்டது. வாசிக்க மட்டுமே அனுமதியுள்ள கோப்பில் ஒருவர் எழுத முற்பட்டால், கேர்னல் அவருக்குத் தனிப் பிரதியை வழங்க வேண்டும். பிரதி எடுப்பதற்கும் எழுதுவதற்கும் இடையே கிடைத்த நுண்ணிய இடைவெளியில் மூலக்கோப்பிலேயே எழுதிவிட முடிந்தது. சாதாரண பயனர் ஒருவர் முழு அதிகாரத்தையும் கைப்பற்ற அது வழிவிட்டது. 2007 முதல் அக்குறை அங்கேயே இருந்தது. உலகின் தேர்ந்த நிரலாளர் பலர் அதனைக் கடந்து சென்றனர். லினக்ஸ் கேர்னலின் மீது அமைந்த அன்ட்ரொயிட் கைத்தொலைபேசிகளும் அதனால் பாதிப்புக்குள்ளாயின.

மாத்தளையின் கடைத்தெருவிலும் தோட்டக் குடியிருப்புகளிலும் அன்ட்ரொயிட் கைத்தொலைபேசி இல்லாத இல்லம் இன்று அரிது. மத்திய கிழக்கில் உழைக்கும் பிள்ளை அனுப்பிய பணத்தின் விபரமும், வங்கிக் கணக்கின் கடவுச்சொல்லும், குடும்பத்தின் படங்களும் அதற்குள்ளேயே உள்ளன. டேர்ட்டி கௌவுக்குரிய திருத்தம் வெளியானபோதும், அது வந்து சேராத கருவிகளுக்கு அத்திருத்தத்தால் பயனேதும் விளையவில்லை.

‘புதிய பதிப்பு உள்ளது’ என்னும் அறிவித்தலைத் தொல்லையெனத் தள்ளிவிடுவோர் இதனைச் சிந்திக்க வேண்டும். தயாரிப்பாளர் திருத்தங்களை நிறுத்திவிட்ட பழைய கருவியில் வங்கி அலுவல்களைத் தவிர்ப்பதே விவேகம். பொதுமக்களின் ஆவணங்களைக் கையாளும் அலுவலகங்களுக்கு இக்கடப்பாடு இன்னும் அதிகம். பூட்டின் குறையைக் கண்டறிந்து திருத்துவது நிரலாளரின் பொறுப்பு. திருத்திய பூட்டை நம் வாசலில் பொருத்துவது நம் பொறுப்பு.