ஆமைக்கு விசா கிடைக்குமா?

வெளிநாட்டில் வேலை கிடைத்துவிட்டது. விசா ஸ்டாம்ப் ஆகிவிட்டது. அம்மா பருப்புப் பொடி இடித்துக்கொண்டிருக்கிறாள். எல்லாம் சரி ஸார், பால்கனியில் கீரைத்தண்டை நிதானமாக மென்றுகொண்டிருக்கிறதே ஓர் ஆமை, அதை என்ன செய்வதாக உத்தேசம்?

நாயை அப்பா பார்த்துக்கொள்வார். மீன்தொட்டியைப் பக்கத்து வீட்டுப் பையன் ஆவலாக வாங்கிக்கொண்டு போய்விடுவான். ஆமையை மட்டும் யாரும் லேசில் ஏற்க மாட்டார்கள். 'ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது' என்று பாட்டி காலத்திலேயே பயமுறுத்தி வைத்துவிட்டார்கள். சரி, கையோடு கொண்டுபோய்விடலாமே என்று தோன்றும்.

பிரயாணம் என்று பார்த்தால், ஆமை மாதிரி சமர்த்துப் பயணி கிடையாது. குளிர் ரத்தப் பிராணி. நாலைந்து நாள் சாப்பிடாவிட்டாலும் முகம் சுளிக்காது. குரைக்காது. ஏர்ஹோஸ்டஸிடம் ரெண்டாவது தடவை ஜூஸ் கேட்காது. காற்று வருகிற ஒரு மரப்பெட்டி, ரொம்பக் குளிராமல் ஓர் இடம், அவ்வளவுதான் அதன் தேவை.

அந்தக் காலத்தில் அப்படித்தான் போயின. இங்கிலாந்தில் கில்பர்ட் ஒயிட் என்று ஒரு பாதிரியார். இயற்கையைப் பற்றி எழுதிப் புகழ்பெற்றவர். அவருடைய அத்தை வீட்டில் டிமோதி என்று ஓர் ஆமை இருந்தது. யாரோ ஒரு மாலுமி கடல் கடந்து கொண்டுவந்து அரை கிரவுனுக்கு விற்றுவிட்டுப் போனது. 1780 மார்ச்சில் அத்தை காலமானதும் டிமோதி இவர் பொறுப்பில் வந்து சேர்ந்தது. அப்போது அது மண்ணுக்குள் குளிர்காலத் தூக்கத்தில் இருந்தது. தோண்டி எடுத்து, பெட்டியில் போட்டு, குதிரை வண்டியில் 80 மைல் பயணம். வண்டி ஆடிய ஆட்டத்தில் முழித்துக்கொண்டுவிட்டது. ஊர் வந்ததும் தோட்டத்தில் இறக்கிவிட்டார். இரண்டு தடவை தோட்டத்தின் கோடி வரை நடந்து பார்த்தது. சாயங்காலமே மறுபடி மண்ணைத் தோண்டிக்கொண்டு படுத்துவிட்டது!

இன்னொரு டிமோதி, பட்டாளத்துக்காரர். 1854ல் ஒரு போர்ச்சுகீசியக் கப்பலிலிருந்து பிரிட்டிஷ் கடற்படையினர் கைக்கு வந்தது. கிரிமியா யுத்தத்தில் செவஸ்தபோல் மீது பீரங்கிகள் முழங்கியபோது, போர்க்கப்பலில் ஹாயாக உட்கார்ந்திருந்தது. 1892ல் ரிட்டையர் ஆகி, டெவன் பிரபுவின் கோட்டைத் தோட்டத்தில் குடியேறி, 2004ல்தான் கண்ணை மூடியது. ஒரு வேடிக்கை என்னவென்றால், இரண்டு டிமோதியுமே பெண்கள்! கடற்படைக்காரரின் ரகசியம் 1926ல்தான் வெளியே வந்தது. அந்தக் காலத்தில் ஆமைக்கு பாஸ்போர்ட் கொடுத்திருந்தால் ஆபீஸர் கண்ணை மூடிக்கொண்டு 'ஆண்' என்று போட்டிருப்பார்.

கேட்க ஜோராகத்தான் இருக்கிறது. ஆனால் பிழைத்த ஆமைகளின் கதைதானே புத்தகத்தில் ஏறும்? இருபதாம் நூற்றாண்டில் மொராக்கோ, கிரீஸ், யூகோஸ்லாவியா என்று பல தேசங்களிலிருந்து லட்சக்கணக்கான ஆமைகளைத் தேங்காய் மூட்டை மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, கப்பல் கப்பலாக இங்கிலாந்தில் கொண்டுவந்து இறக்கினார்கள். குழந்தைகள் ஆசையாக வாங்கிப் போனார்கள். வந்தவற்றில் பெரும்பாலானவை முதல் குளிர்காலத்தையே தாண்டவில்லை. 1984ல்தான் ஐரோப்பியக் கூட்டமைப்பு இந்த வியாபாரத்துக்குத் தடை போட்டது. (இப்போது அங்கே ஆமை வளர்ப்பவர்கள் விவரமானவர்கள். குளிர்காலத் தூக்கத்துக்கு ஆமையை ஃபிரிஜ்ஜில் வைத்துவிடுகிறார்கள்! ஐந்து டிகிரி, அடிக்கடி கதவைத் திறந்து காற்று விட வேண்டும். நம்ம ஊர் நட்சத்திர ஆமைக்கு இந்த வித்தை உதவாது. அதற்குக் குளிர்காலத் தூக்கமே கிடையாது. லண்டன் குளிரில் அதற்குச் சூடு விளக்கு ஒன்று, வெயிலுக்குப் பதிலாக அல்ட்ரா வயலெட் விளக்கு ஒன்று வேண்டும். இல்லாவிட்டால் ஓடு மெத்தென்று ஆகிவிடும்.)

இப்படிக் கொத்துக் கொத்தாகச் செத்ததற்குப் பிறகு வந்ததுதான் இன்றைய காகிதக் கட்டு. 'சைட்டிஸ்' என்று ஒரு சர்வதேச ஒப்பந்தம், 1975ல் அமுலுக்கு வந்தது. நில ஆமைகளில் ஒரு ஜாதி பாக்கியில்லாமல் அதன் பட்டியலில் உண்டு. எல்லை தாண்ட பர்மிட் வேண்டும். பர்மிட் ஃபாரத்தில் நம்மைத் தடுக்கி விழ வைக்கும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: இந்த ஆமை எங்கிருந்து வந்தது?

பால்கனியில் இருப்பது முதுகில் மஞ்சள் நட்சத்திரக் கோலம் போட்ட ஆமை என்றால், இந்தக் கேள்விக்கு நல்ல பதிலே கிடையாது. அது தமிழ்நாடு, ஆந்திரா, குஜராத், ராஜஸ்தான், இலங்கை என்று புதர்க்காடுகளில் திரிகிற பிராணி. வீட்டில் வைத்தால் அதிர்ஷ்டம் என்று யாரோ கிளப்பிவிட (பாட்டி சொன்னதற்கு நேர் எதிர்!), சாக்கில் பிடித்துப்போட்டு விற்கிறார்கள். 1972ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டப்படி அதை வளர்ப்பதே குற்றம். 2022 திருத்தத்தில் அதை முதல் அட்டவணைக்கு ஏற்றிவிட்டார்கள். புலி, யானை இருக்கிற அட்டவணை. மூன்றிலிருந்து ஏழு வருஷம் வரை உள்ளே போகலாம். 2019ல் சைட்டிஸும் தன் மிகக் கடுமையான பட்டியலில் அதைச் சேர்த்துவிட்டது. ஆக, ஆமை புகுந்த வீட்டில் அமீனாவும் புகுந்துவிடுவார். காக்கிச்சட்டை போட்ட வனத்துறை அமீனா.

நம்முடையது அயல்நாட்டு ஜாதி, முறைப்படி பதிவு செய்தது என்றாலும் வழி சுலபமில்லை. ஆஸ்திரேலியாவுக்கு எந்த ஆமையையும் செல்லப்பிராணியாகக் கொண்டுபோக முடியாது. சிங்கப்பூரில் வீட்டில் வளர்க்க அனுமதி உள்ளவை இரண்டே ஜாதி, இரண்டும் தண்ணீரில் வாழ்பவை. அமெரிக்காவில் இன்னும் தமாஷ். 'சல்கேட்டா' என்கிற பெரிய ஆப்பிரிக்க ஆமை அங்கே ஏகப்பட்ட வீடுகளின் கொல்லையில் திரிகிறது. ஆனால் வெளியிலிருந்து ஒன்றுகூட உள்ளே வரக்கூடாது என்று 2000ல் தடை. அதன் மேல் ஒட்டிவரும் உண்ணி, மாடுகளைக் கொல்லும் ஒரு வியாதியைப் பரப்பும் என்று பயம்.

இதெல்லாம் எதற்கு என்று சூட்கேஸில் போட்டுக்கொண்டு போகிற பேர்வழிகளும் இருக்கிறார்கள். சென்னை ஏர்போர்ட் கஸ்டம்ஸ்காரர்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். கால்களை டேப் போட்டு ஒட்டி, காலுறைக்குள் திணித்து, பாங்காக்குக்கும் கோலாலம்பூருக்கும் நூற்றுக்கணக்கில். ஆமை கத்தாது என்பதுதான் அவர்களுக்கு வசதி.

பிடிபட்டதும் சுபம் போட்டுவிடலாமா? ம்ஹூம். 2018 நவம்பரில் 51 நட்சத்திர ஆமைகள் சிங்கப்பூரிலிருந்து பெங்களூருக்கு விமானத்தில் வந்து இறங்கின. எல்லாம் அங்கே சட்டவிரோதமாக வளர்க்கப்பட்டு, மீட்கப்பட்டவை. பர்மிட், பெட்டி, டாக்டர் சர்டிபிகேட் எல்லாம் கனகச்சிதம். ஆனால் இந்தியா வந்தும் அந்த ஆமைகளை நேராகக் காட்டில் விட முடியாது. தனியாக வைத்து வியாதி பார்க்க வேண்டும். ஏனென்றால் ஒரு ஆமையின் சளி, காட்டில் இருக்கும் மொத்தக் கூட்டத்தையும் காலி பண்ணிவிடும். தவிர, குஜராத் ஆமைக்கும் தெற்கத்தி ஆமைக்கும் பரம்பரையில் வித்தியாசம் உண்டு. எந்த ஊர்ப் புதரிலிருந்து கிளம்பியது என்று அதனிடமா கேட்க முடியும்? இப்படிப் பல ஆமைகள், சொந்த தேசத்துக்கு வந்தும் வீட்டுக்குப் போகாமல் மறுவாழ்வு மையத்திலேயே காலம் தள்ளுகின்றன.

அதனால், டிக்கெட் புக் பண்ணுவதற்கு முன்னால் ஒரு வக்கீல் நண்பரைக் கலந்துகொண்டு, வனத்துறை ரேஞ்சர் ஆபீஸுக்கு ஒரு போன் போட்டுவிடுங்கள். தொந்தரவு எதற்கு என்று புண்ணியமாக நினைத்து ராத்திரியோடு ராத்திரியாகக் கோயில் குளத்தில் மட்டும் கொண்டுபோய் விட்டுவிடாதீர்கள். நட்சத்திர ஆமைக்கு நீந்தத் தெரியாது.